எர்ஸ்ட்வைல்: முன்னாளா, முந்தையதா, மறைந்ததா?

கேள்வி, 9 ஜூன் 2024, காலை

"எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மேலாளருக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழில் அவரை 'எர்ஸ்ட்வைல் மேனேஜர்' என்று அச்சடித்துவிட்டோம். மனுஷர் விழாவுக்கே வரவில்லை. 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கேன்' என்று போனில் சொன்னாராம். எர்ஸ்ட்வைல் என்பது இறந்தவர்களுக்குப் போடுகிற சொல் என்று இப்போது அலுவலகமே பேசுகிறது. சரிதானா? தமிழில் 'முன்னாள்' என்று போட்டிருந்தால் பிரச்சினை வந்திருக்காது அல்லவா?"

9 ஜூன் 2024, இரவு

எர்ஸ்ட்வைல் (erstwhile) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. இறந்தவர் பெயருக்கு முன்னால் வருவது 'லேட்'. மேலாளர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். பழைய ஆங்கிலத்தில் 'ஏர்' என்றால் முன்பு. 'ஏர்லி' என்கிறோமே, அதற்குள் இருப்பது அந்த ஏர்தான். அதன் உச்சம் 'எர்ஸ்ட்', எல்லாவற்றுக்கும் முன். ஜெர்மனியில் இன்றைக்கும் எர்ஸ்ட் என்றால் முதல். 'வைல்' என்றால் பொழுது. ஆக, முன் + பொழுது. நம்முடைய முன்னாள் எது? முன் + நாள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கல்லை ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் இது வினையடை. 'முன்பு இங்கே ஒரு குளம் இருந்தது' என்கிறோமே, அந்த 'முன்பு' இருக்கிற இடத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் பெயரடையாக ஒட்டிக்கொள்வது பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான். பார்க்கத் தாத்தா காலத்துச் சொல் மாதிரி இருக்கும், இந்த வேலையில் அது புதிசு.

புதுக்கோட்டையில் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு 22 வருஷமாகப் பத்திரம் மொழிபெயர்க்கிறேன். இந்தச் சொல் வாரத்துக்கு ஒருமுறையாவது கையில் வந்து மாட்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

10 ஜூன்

ராத்திரி யோசித்தேன். மேலாளர் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது, அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

நம் ஊரில் ஓய்வு பெற்றவர் பதவியை விட்டுப் போவதில்லை. பெயர்ப்பலகையில் 'தலைமையாசிரியர் (ஓய்வு)' என்றுதான் இருக்கும். அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு கௌரவம் இருக்கிறது: முழுக் காலமும் வேலை பார்த்து, மாலை வாங்கிக்கொண்டு வந்தவர் என்று அர்த்தம். 'முன்னாள் தலைமையாசிரியர்' என்று சொல்லிப் பாருங்கள். ஓய்வா, ராஜினாமாவா, நீக்கமா என்று கேள்வி எழும். எர்ஸ்ட்வைலிலும் அதே தொல்லை உண்டு. ஆக, 'முன்னாள்' போட்டிருந்தாலும் அவர் முகம் சுளித்திருப்பார். 'ஓய்வு பெற்ற' என்பதுதான் அவருக்குரிய சொல். யாராவது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், போனில் வேண்டாம்.

11 ஜூன்

முன்னாளும் முந்தையதும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றில்லை. முந்தைய முதல்வர் ஒரே ஒருவர்தான், இப்போது இருப்பவருக்குச் சரியாக முன்னால் இருந்தவர். முன்னாள் முதல்வர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ப்ரீவியஸ், ஃபார்மர். எர்ஸ்ட்வைல் இதில் ஃபார்மர் பக்கம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பலர் மறந்துபோவது: 'அப்போதைய'. பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்தவர் 'முன்னாள் முதல்வர் காமராஜர்' என்று ஒரு கல்வெட்டுப் பிரதியில் பார்த்தேன். 1954 முதல் 1963 வரை அவர் முதல்வர். 1958-ல் திறந்துவைத்தபோது அவர் முன்னாள் இல்லை, அப்போதைய முதல்வர். இரண்டு சொல்லும் கடந்த காலத்தைத்தான் காட்டுகின்றன. ஒன்று இன்றிலிருந்து திரும்பிப் பார்க்கிறது, மற்றது அந்த நாளிலேயே நின்று பார்க்கிறது.

13 ஜூன்

இந்தச் சொல்லால் அம்மாவுக்கு வங்கியில் நேர்ந்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், இன்னும் ஆறாத விஷயம் அது.

2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. மறைந்துபோன வங்கிகளின் கிளை, காசோலை, ஐஎஃப்எஸ்சி எண் எல்லாவற்றையும் அடையாளம் காட்ட அலுவலகத்துக்குள் ஒரு சுருக்கெழுத்து பிறந்தது. பழைய வங்கியின் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு 'ஈ' போட்டார்கள். எர்ஸ்ட்வைலின் முதல் எழுத்து. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அது வசதி. வெளியே இருப்பவர்களுக்கு ஈ என்றால் என்ன? ஈ-மெயில், ஈ-சேவை மையம். மின்னணு.

2021-ல் அம்மா கணக்கு வைத்திருந்த கிளையில் ஒரு தமிழ் அறிவிப்பு ஒட்டினார்கள். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. 'மின்-' என்று போட்டு, அதன் பின் பழைய வங்கியின் பெயர், 'வாடிக்கையாளர்கள் தங்கள் காசோலைப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்' என்று இருந்தது. ஈ என்ற எழுத்தை யாரோ மின் ஆக்கிவிட்டார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, இது கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, நமக்கில்லை என்று பேசாமல் வந்துவிட்டார். அக்டோபரில் பழைய காசோலை செல்லாமல் போனது. வயலுக்கு உரம் வாங்கிய கடைக்காரரிடம் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. 71 வயதில், வாழ்க்கையில் முதல் தடவை ஒருவர் வீட்டு வாசலில் வந்து 'அம்மா, உங்க செக்கு திரும்பிருச்சு' என்று நின்றார். பணத்தை அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. அவர் அந்தக் கடைப் பக்கமாகப் போக மூன்று மாதம் ஆனது.

ஒரு பெயரடையை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அந்த எழுத்தை அர்த்தம் கேட்காமல் மொழிபெயர்த்ததில் வந்த வினை. 'பழைய' என்ற மூன்றெழுத்துச் சொல் போதுமாயிருந்தது.

13 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

இல்லை, 'பழைய' போதாது. 'பழைய வங்கியின் வாடிக்கையாளர்கள்' என்றால் அம்மா 'நான் பழைய வாடிக்கையாளர்தானே' என்று எண்ணியிருப்பார், அதுவரை சரி. ஆனால் 'பழைய வீடு' என்றால் நாம் முன்பு குடியிருந்த வீடா, இடிந்து விழும் நிலையில் இருக்கிற வீடா? இரண்டுக்கும் அதே சொல். வேறு ஏதாவது வேண்டும். யோசிக்கிறேன்.

16 ஜூன்

லேட் பற்றி.

பழைய ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம் 'மெதுவான'. பிறகு 'தாமதமான', பிறகு 'சமீபத்திய', அங்கிருந்து 'சமீபத்தில் இறந்த'. கடைசி அர்த்தம் 15-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் நானூறு வருஷத்துக்கு முன் இறந்த ராஜாவுக்கு லேட் போட மாட்டார்கள். நினைவில் ஈரம் காயாதவர்களுக்குத்தான்.

நாம் அந்த வரம்பை வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தாத்தாவின் அப்பா பெயருக்கு முன்னாலும் 'லேட்' இருக்கும். தப்பு என்று சொல்ல மாட்டேன். நமக்கு அது மரியாதை அடைமொழியாகிவிட்டது. ஆனால் அது படிவத்துக்குள் நுழையும்போது ஆபத்து. ஒரு பையன் வந்தான், வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அப்பா அவன் ஆறாவது படிக்கும்போது தவறிவிட்டார். பள்ளியில் சேர்க்கும்போது தந்தை பெயர்க் கட்டத்தில் யாரோ 'லேட்' என்று முன்னால் எழுதியிருக்கிறார்கள். அது அப்படியே மதிப்பெண் பட்டியலுக்குப் போய், தந்தையின் பெயரே 'லேட்' என்று தொடங்குவதாகி, பையனுடைய இனிஷியல் எஸ்ஸிலிருந்து எல் ஆகிவிட்டது. பிறப்புச் சான்றில் எஸ், பட்டியலில் எல். அப்பாவின் சாவை எழுத்தாக்கித் தன் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு வந்து நின்றான். மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்து, அந்த எல் மேல் விரலை வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. திருத்த ஐந்து மாதம் ஆனது.

படிவத்தில் தந்தை பெயர் கேட்டால் பெயரை மட்டும் எழுதுங்கள். இறந்தவருக்கும் அவர் பெயர் அவர் பெயர்தான்.

17 ஜூன்

தமிழில் எத்தனை இருக்கின்றன பாருங்கள்: மறைந்த, காலஞ்சென்ற, அமரர், தெய்வத்திரு, வைகுண்டவாசி, சிவபதம் அடைந்த, மர்ஹூம். ஒவ்வொன்றிலும் அந்த வீட்டுக்காரர்கள் யார் என்பது தெரியும். லேட் இவ்வளவையும் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

2 ஜூலை

நேற்றிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா. 1860-ன் தண்டனைச் சட்டம் போய்விட்டது. இன்று காலையிலேயே ஒரு வக்கீல் கொண்டுவந்த மனுவில் 'எர்ஸ்ட்வைல் ஐபிசி' வந்துவிட்டது. ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல். ஜூன் 30 அன்று நடந்த குற்றத்துக்கு இனி வழக்கு நடந்தாலும் பழைய சட்டப்படிதான் தண்டனை. அப்படியென்றால் அது போய்விட்டதா, இருக்கிறதா? புதுக் குற்றங்களுக்கு இல்லை, பழைய குற்றங்களுக்கு இருக்கிறது. இன்னும் பல வருஷம் அது ஆட்களைச் சிறைக்கு அனுப்பும். அதை முன்னாள் சட்டம் என்று எழுதக் கை வரவில்லை. 'முந்தைய தண்டனைச் சட்டம்' என்று போட்டேன்.

நீதிமன்ற வராந்தாவில் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். 'முன்னாடி 302, இப்ப 103.' 'முன்னாடி 420, இப்ப 318.' சட்டப் பிரிவு எண்கள், அவ்வளவுதான். யாரும் பெயரடையே போடவில்லை.

5 ஜூலை

வராந்தாவில் கேட்டது மனசிலேயே சுற்றுகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன், ஒரு பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

21 ஜூலை

பத்திரம் கிடைத்தது. பெட்டியில் அடியில், மஞ்சள் துணிக்குள் இருந்தது.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வாங்கிய ஒரு ஏக்கர் சொச்சம் நிலம். டொரன்டோவில் இருக்கிற சித்தப்பா மகனுக்கு அதன் மொத்த வரலாறும் ஆங்கிலத்தில் வேண்டும். மூன்று பத்திரங்கள்.

1941 கிரயப் பத்திரம். தபசிலில், அதாவது சொத்து விவரத்தில்: 'புதுக்கோட்டை சமஸ்தானம், ஆலங்குடி தாலுகா'.
1956 பாகப்பிரிவினை. 'திருச்சிராப்பள்ளி ஜில்லா, ஆலங்குடி தாலுகா'.
1983 செட்டில்மென்ட். 'புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி வட்டம்'.

நிலம் ஓர் அடி நகரவில்லை. வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, நான்கெல்லை அப்படியே இருக்கிறது. சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தது, எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவுக்குள் போனது. 1974 ஜனவரி 14, பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தாத்தா ஒரே வரப்பில் நடந்தபடியே ஒரு ராஜ்யத்தையும் இரண்டு மாவட்டங்களையும் கடந்திருக்கிறார்.

முதல் பத்திரத்தில் தாளைத் தடவினால் மேலே சமஸ்தான முத்திரை புடைத்திருப்பது விரலுக்குத் தெரியும். மை பழுப்பாகிவிட்டது. மடிப்பில் நான்காகக் கிழிந்து, பாட்டி கோதுமைப் பசை போட்டு ஒட்டிய தாள் பின்னால் இருக்கிறது. அந்த மஞ்சள் துணியில்தான் பாட்டி இரண்டு அம்மன் காசும் முடிந்து வைத்திருந்தார். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு, விரல் நகம் அளவுதான் இருக்கும். நவராத்திரிக்கு அரிசியோடு கொடுப்பார்களாம்.

ஆங்கிலத்தில் 'எர்ஸ்ட்வைல் புதுக்கோட்டை ஸ்டேட்' என்று எழுதினேன். இங்கே அந்தச் சொல் கச்சிதமாக உட்காருகிறது. இந்திய ஆங்கிலம் எர்ஸ்ட்வைலை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அது கொஞ்சம் புத்தகவாடை அடிக்கிற சொல். இங்கே காலை நாளிதழில் புரளும். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் கரைந்த நாடு. 1971-ல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் வந்து மன்னர் மானியமும் போன பிறகு, அந்த மனிதர்களைக் குறிப்பிட ஒரு சொல் தேவைப்பட்டது. ராஜா என்று சொல்ல முடியாது, சட்டம் ஒப்புக்கொள்ளாது. லேட் என்று சொல்ல முடியாது, ஆள் இருக்கிறார். எர்ஸ்ட்வைல் ரூலர். பிறகு மாநிலங்கள் பிரியப் பிரிய, ஊர்ப் பெயர்கள் மாற மாற, வங்கிகள் இணைய இணைய அதற்கு வேலை கூடிக்கொண்டே போகிறது. 2019 அக்டோபர் 31 அன்று மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்த பிறகு ஜம்மு காஷ்மீரை எழுதுகிறவர்கள் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்தி நகர முடியவில்லை.

எங்கள் ஊரில் யாரும் 'முன்னாள் சமஸ்தானம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'ராஜா காலத்துல' என்பார்கள். ராஜாவின் அரண்மனையில்தான் இன்று ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. மனு கொடுக்கப் போகிறவர்கள் இன்னமும் 'அரண்மனைக்குப் போயிட்டு வர்றேன்' என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

22 ஜூலை

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். 1983 பத்திரம் எழுதியவர் ஓர் அருமையான காரியம் செய்திருக்கிறார். தபசிலில் அவர் எழுதியது இது: 'முன்பு புதுக்கோட்டை சமஸ்தானம், பின்பு திருச்சிராப்பள்ளி ஜில்லா, தற்போது புதுக்கோட்டை மாவட்டம்'.

பெயரடை ஒன்றுகூட இல்லை. முன்பு, பின்பு, தற்போது. பத்திர எழுத்தர்களுக்கு இது கைப்பழக்கம், நானும் ஆயிரம் தடவை படித்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. எர்ஸ்ட்வைல் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது: இது இப்போது அப்படி இல்லை என்று. இப்போது என்னவாக இருக்கிறது என்று சொல்லாது. சித்தப்பா மகனுக்கு அந்தப் பாதி போதாது. அம்மாவுக்கும் அந்தப் பாதிதான் போதாமல் போனது. வராந்தாவில் 'முன்னாடி 302, இப்ப 103' என்றவர்கள் இதே வாய்ப்பாட்டில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

4 ஆகஸ்ட்

மேனாள் பற்றிக் கேட்டவருக்கு. அரசு அழைப்பிதழ்களில் 'மேனாள் நீதியரசர்', 'மேனாள் துணைவேந்தர்' என்று வருகிறது. மேல் + நாள். எனக்குப் பிடித்த சொல், ஆனால் ஒரு தயக்கம் உண்டு. நம் 'மேல்' இரண்டு பக்கமும் பார்க்கும். 'மேற்சொன்ன', 'மேற்படி' என்றால் முன்பே சொன்னது. 'இனிமேல்', 'மேற்கொண்டு' என்றால் வரப்போவது.

'முன்' மட்டும் என்ன? 'முன்னால் போ' என்றால் நமக்கு எதிரே இருக்கிற இடம். 'ரெண்டு வருஷத்துக்கு முன்னால்' என்றால் கழிந்த காலம். 'பின்னால் வா' என்பது முதுகுப் பக்கம். 'பின்னால பாத்துக்கலாம்' என்பது வருங்காலம். தமிழில் கழிந்துபோனது கண்ணெதிரே நிற்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பார்த்துவிட்டதுதானே கண்ணுக்கு முன் நிற்கும்? இதை நினைத்தபோது அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

மாஜி: 'மாஜி அமைச்சர்' என்று தலைப்புகளில் வருவது. அரபியில் கடந்தகாலத்தைக் குறிக்கும் சொல், உருது வழியாக நம்மிடம் வந்தது. இரண்டு எழுத்து, தலைப்பில் இடம் மிச்சம். ஆனால் மரியாதை குறைந்து ஒலிக்கிறது. நேரில் ஒருவரை 'மாஜி' என்று அழைக்க மாட்டோம். 'எக்ஸ் எம்எல்ஏ' என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறோம், அவரும் சிரிப்பார்.

5 ஆகஸ்ட்

ஒன்று விட்டுப்போனது. முன்னாள் கழன்று விழும். கருணாநிதி 1976 ஜனவரி 31-லிருந்து முன்னாள் முதல்வர், 1989 ஜனவரி 27 அன்று அந்த முன்னாள் போய்விட்டது. லேட் கழலாது. எர்ஸ்ட்வைல்? 'எர்ஸ்ட்வைல் நண்பர்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்ற வாசனை வரும். கூட்டாளியாக இருந்தவர் எதிரியாகிவிட்டார் என்பதற்கு அதை விரும்பிப் போடுவார்கள். நாம் 'முன்னாள் நண்பர்' என்று சொல்வதில்லை. 'ஒரு காலத்துல உசுருக்கு உசுரா இருந்தாங்க' என்போம், கேட்கிறவருக்கு மீதி புரிந்துவிடும்.

18 நவம்பர்

ஓசூரிலிருந்து ஒருவர்: தெலங்கானா செய்திகளில் 'எர்ஸ்ட்வைல் வாரங்கல் மாவட்டம்' என்று வருவதைத் தமிழில் எப்படி எழுதுவது?

2016 அக்டோபரில் அங்கே பத்து மாவட்டங்கள் ஒரே நாளில் 31 ஆயின, பிறகு 33. பழைய பத்தையும் மக்கள் விடவில்லை. நாம் இதற்கு 'ஒருங்கிணைந்த' என்கிறோம்: ஒருங்கிணைந்த தஞ்சை, ஒருங்கிணைந்த வேலூர். உள்ளூர்க்காரருக்குப் பிரச்சினையில்லை. வெளியூர்க்காரர் அதை நேராகப் படித்தால் ஏதோ சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். நடந்தது பிரிப்பு, சொல்லில் இருப்பது இணைப்பு. 'பிரிக்கப்படாத' என்று சிலர் எழுதுகிறார்கள், அது மேல். என் ஓட்டு 'பிரிவதற்கு முந்தைய வாரங்கல் மாவட்டம்' என்பதற்கு. நீளம்தான், இருக்கட்டும்.

24 நவம்பர்

பெயரடை ஒன்றுக்காக நாடுகள் மல்லுக்கட்டியது உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு, ஃபார்மருக்காக.

யூகோஸ்லாவியா சிதறியபோது மாசிடோனியா தனி நாடானது. கிரேக்கத்தின் வடக்கிலும் மாசிடோனியா என்றே ஒரு பகுதி இருப்பதால் அந்தப் பெயரைக் கிரேக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. 1993 ஏப்ரல் 8 அன்று ஐ.நா.வில் சேர்ந்தபோது தற்காலிகமாக ஒரு குறிப்பு: 'தி ஃபார்மர் யூகோஸ்லாவ் ரிபப்ளிக் ஆஃப் மாசிடோனியா'. அகரவரிசையில் எங்கே உட்கார வைப்பது? எம் என்றால் கிரேக்கம் ஏற்காது. எஃப் என்றால் அவர்கள் ஏற்க மாட்டார்கள், 'முன்னாள்' என்பது எங்கள் பெயர் இல்லை என்று. கடைசியில் 'தி' என்பதன் டீ. தாய்லாந்துக்குப் பக்கத்து நாற்காலி. 2019 பிப்ரவரியில் வட மாசிடோனியா என்று பெயர் வைத்துத்தான் அது முடிந்தது. கால் நூற்றாண்டு ஒரு நாடு 'முன்னாள்' என்ற ஒட்டோடு அலைந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பையனின் எல் நினைவுக்கு வந்தது.

தமிழில் 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசு' என்றால் முன்னாள் யூகோஸ்லாவியாவா, முன்னாள் குடியரசா? தெரியாது. 'முன்பு யூகோஸ்லாவியாவில் இருந்த மாசிடோனியக் குடியரசு' என்றால் ஒரு குழப்பமும் இல்லை. மறுபடியும் முன்பு.

12 ஜனவரி 2025

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் 'பழைய' என்பதை நான் குறைத்துப் பேசியதாக எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். இங்கே 'முன்னாள் மாணவர் சங்கம்', அங்கே 'பழைய மாணவர் சங்கம்'. அவர்கள் சொல்லில் உறவு அறுபடவில்லை. பழைய மாணவர் இன்னமும் அந்தப் பள்ளியின் மாணவர்தான், நாள்பட்டவர். நம்முடைய முன்னாளில் கதவு சாத்திய சத்தம் கேட்கிறது. 'இளைப்பாறிய ஆசிரியர்' என்றும் அங்கே சொல்வார்கள். முதல் நாள் கேட்ட அலுவலகத்துக்காரர் கவனிக்கவும், உங்கள் மேலாளருக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. மரண அறிவித்தல்களில் 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கி தாய் தகப்பன் பெயர் சொல்லி, 'அன்பு மகளும்' என்று போகும் அந்த நீண்ட வாக்கியத்தையும் பாருங்கள். இறந்தவர், அவருக்கு முன் இறந்தவர்கள், இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் உறவோடு வந்துவிடுகிறார்கள்.

2 பிப்ரவரி

டொரன்டோ வக்கீல் கேட்டனுப்பியிருக்கிறார்: 'எர்ஸ்ட்வைல் புதுக்கோட்டை ஸ்டேட்' என்பதும் 'புதுக்கோட்டை டிஸ்ட்ரிக்ட்' என்பதும் ஒரே இடமா, வேறு வேறா? நடுவில் திருச்சிராப்பள்ளி ஏன் வருகிறது? நிலம் மூன்றா?

எர்ஸ்ட்வைல் இருந்த மூன்று இடத்திலும் அடித்தேன். 1983 பத்திர எழுத்தர் எழுதிய மாதிரியே ஆங்கிலத்திலும் ஃபார்மர்லி, தெரியாஃப்டர், நவ் என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

3 பிப்ரவரி

நேற்று ராத்திரி இதை அம்மாவிடம் சொன்னேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். அட்டையில் பழைய வங்கியின் பெயருக்கு மேலே பால்பாயின்ட் பேனாவால் அவரே எழுதியிருக்கிறார், காசோலை திரும்பிய அந்த வாரமே எழுதினாராம்: 'முன்பு' என்று போட்டு ஒரு அம்புக்குறி, அதற்குக் கீழே 'இப்போது' என்று போட்டுப் புது வங்கியின் பெயர், புது ஐஎஃப்எஸ்சி எண், கிளைக்குப் போகிற பஸ் நம்பர்.